மேற்கே சூலம், முதல் கொடியும் மேற்கே

ஆட்களை வரவழைத்து, கையில் ஒரு படத்தைக் கொடுத்து, வழி தெரியாமல் முழிக்கவிட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் என் தொழில். சம்பளத்துக்குச் செய்வது வேறு. நாகமலை புதுக்கோட்டையில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் வீட்டுப் பிளான் வரைகிறேன். இது ஞாயிற்றுக்கிழமைத் தொழில். பெயர் ஓரியன்டியரிங். பூங்காவில் எட்டு இடத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடி தொங்கும். படத்தையும் காம்பஸையும் வைத்துக்கொண்டு வரிசைப்படி எட்டையும் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கொடியோடும் ஒரு ஊசிக் கிளிப் கட்டியிருக்கும். கார்டை அதில் வைத்து அழுத்தினால் ஓட்டை விழும். கொடிக்குக் கொடி ஓட்டையின் வடிவம் மாறும், அதனால் ஏமாற்ற முடியாது. யாரிடமும் வழி கேட்கக் கூடாது. அவ்வளவுதான் விளையாட்டு.

வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள், மாமியாருக்குச் செல்போனில் போட்டோ அனுப்பக் கற்றுக்கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு என் நிலைமையை நான் தனியாக விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே ஜாதகம்.

நாலு ஞாயிறு

எங்கள் பக்கத்துப் பூங்காவை அடிபோட்டு அளந்து, மரம், பெஞ்சு, மோட்டார் ரூம், உடைந்த சறுக்குமரம் என்று ஒன்று விடாமல் படம் வரைய எனக்கு எட்டு மாதம் ஆனது. வரைந்து முடித்த பிறகுதான் பூங்காவில் என் கொடி பறக்க வேண்டுமானால் நடைப்பயிற்சிச் சங்கச் செயலாளர் தலையசைக்க வேண்டும் என்று தெரிந்தது. அவர் பெருமாள்சாமி சார். பஸ்ஸில் திடீரென்று ஏறி டிக்கெட் கேட்கும் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எதிரே வருகிறவர்களை, இவன் டிக்கெட் எடுத்திருப்பானா என்ற சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலு ஞாயிறு தருகிறேன், கிழக்கு கேட்டுப் பக்கம் மேசை போட்டுக்கொள் என்றார். நாலில் ஏதாவது ஒரு ஞாயிறு, காலை ஏழரை மணிக்குள், புதியவர்கள் இருபத்தைந்து பேர் ஒரே நாளில் எட்டு ஓட்டையோடு வந்தால் பூங்கா உனக்கு. ஒரு ஆள் குறைந்தாலும் கொடியைச் சுருட்டிக்கொண்டு போக வேண்டும். இந்தப் பூங்காவை விட்டால் எனக்கு வேறு இடம் கிடையாது. எட்டு மாத வேலையைப் பழைய பேப்பர்காரரிடம்தான் போட வேண்டும். சரி என்றேன். அவர் மீசையை ஒரு தடவை தடவிவிட்டுச் சொன்னார்: "வாய் இருக்கப்ப மதுரக்காரனுக்கு மேப்பு எதுக்கும்மா? இருபத்தஞ்சு பேரு வழி கேக்காம சுத்தி வந்துட்டா நான் மீசைய எடுத்துக்கிறேன்."

காசியின் தர்மம்

முதல் ஞாயிறு பதினாலு பேர் வந்தார்கள். எல்லோரையும் அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், முக்கால்வாசிப் பேர் கேட்டோரம் கீரை சூப் விற்கும் காசியின் வண்டியைச் சுற்றி நிற்கிறார்கள். "அண்ணே, ஆரஞ்சுக் கொடி எங்கிட்டு?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் பதிலைக் குறித்துக்கொள்கிறார்கள். அதிகாலையில் நான் கொடி கட்டியதை வண்டியைத் துடைத்துக்கொண்டே காசி பார்த்திருக்கிறார். எட்டாம் கொடிக்கு ஒரு குறுக்குவழி வேறு சொல்லிக்கொடுத்தார். என் படத்தில்கூட அது இல்லை.

பத்து நிமிடத்தில் பதினாலு பேரில் பத்துப் பேர் முடித்துவிட்டு வெற்றிச் சிரிப்போடு வந்து நின்றார்கள். பெருமாள்சாமி சார் தூரத்திலிருந்து மீசையைத் தடவினார். எனக்கு வந்த கோபத்தில் காசியிடம் நேராகப் போய், அடுத்த வாரம் யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லுங்கள் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என்னக்கா பேசுறீங்க? வழி கேட்டு வந்த புள்ளைகள தெரியாதுன்னு அனுப்புறதா? குடிக்கத் தண்ணி இல்லேன்னு சொன்ன பாவம்லக்கா அது."

ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வடக்கு

அதே ஞாயிறு, மேகமூட்டம். வந்தவர்களை வரிசையாக நிற்கவைத்து, "எல்லோரும் வடக்கே பாருங்கள்" என்று மைக்கில் சொன்னேன். என் காம்பஸ் மேசைமேல் கண் எதிரே இருந்தது. அது காட்டிய பக்கம் பதிமூன்று பேர் திரும்பினார்கள். ஒரே ஒரு பெண்மணி மட்டும் வேறு பக்கம் பார்த்து நின்றார். ஜெயக்கொடி அக்கா. திருமங்கலத்துப் பக்கம் ஊர். ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்கு மேற்பார்வையாளர். சர்க்கரை இருக்கிறது, தினமும் நட என்று டாக்டர் சொன்னதால், நடப்பதே நடக்கிறோம், எதையாவது தேடிக்கொண்டு நடப்போம் என்று வந்தவர்.

"அக்கா, வடக்கு இந்தப் பக்கம்" என்றேன். "இல்ல டீச்சர், அங்கிட்டு" என்றார். காம்பஸை எடுத்துக்காட்டினேன். எடுத்த கையிலேயே முள் ஒரு சுற்றுச் சுற்றி, அக்கா பார்த்த பக்கம் போய் நின்றது. நான் காம்பஸை வைத்திருந்தது மேசைமேல் இருந்த ஸ்பீக்கர் பெட்டியின்மேல். உள்ளே காந்தம். காந்தத்தின் மேல் காந்தத்தை வைத்துவிட்டு வடக்கு சொல்லிக்கொடுத்த ஆசிரியை இந்த மாநிலத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். எப்படி அக்கா கண்டுபிடித்தீர்கள், சூரியன்கூட இல்லையே என்று கேட்டேன். அக்கா சிரிக்கக்கூட இல்லை. "எங்க ஊர்ல எல தள்ளிப் போடச் சொன்னாக்கூட தெக்க தள்ளிப் போடுன்னுதேன் சொல்லுவோம். பஸ்ஸு எம்புட்டு தடவ திரும்புச்சுன்னு எனக்குத் தெரியாதா? அதுபோக, நான் திரும்புனா எங்கூட வடக்கும் திரும்புமா டீச்சர்?"

நின்ற இடத்தில் நிற்கும் மாடு

இரண்டாம் ஞாயிறு, அவனியாபுரத்திலிருந்து மாயாண்டி வந்தார். சொந்தமாக டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறார். பொங்கலுக்குப் பொங்கல் வாடிவாசலில் மாடு பிடிக்கிறவர். தொடை அளவுக்குக் கை. விசில் அடித்ததும் அவர் ஓடிய வேகத்தில் என் மேசையிலிருந்த கார்டுகள் பறந்தன. இன்றைக்கு ஒரு சாதனை பார்க்கப்போகிறோம் என்று நினைத்தேன்.

பார்த்தோம். பூங்காவை மூன்று முறை சுற்றி வந்தார். ஒரு கொடியும் கிடைக்கவில்லை. இரண்டாம் கொடியை உரசிக்கொண்டே இரண்டு தடவை ஓடியதை என் கண்ணால் பார்த்தேன். கையில் படம் சுருட்டி, தடி மாதிரி இருந்தது. கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவரிடம், நின்று படத்தைப் பார்த்துவிட்டு ஓடுங்கள் தம்பி என்றேன். யோசித்துவிட்டு உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "மாடுன்னா நம்மளப் பாத்து ஓடி வரும், திமில்ல தொங்கிருவேன். இது நின்ன எடத்துலயே நிக்குதுக்கா, அதேன் சிக்க மாட்டேங்குது."

ஈசான மூலை

வீட்டுமனை புரோக்கர் ஒருவரும் அன்றைக்கு வந்தார். காம்பஸ் பிடிக்கத் தெரிந்த ஒரே புதியவர் அவர்தான். வாஸ்து பார்த்துப் பார்த்துப் பழகிய கை. முப்பத்தைந்து நிமிடத்தில், யாரிடமும் கேட்காமல், எட்டு ஓட்டையோடு வந்தார். வழி கேட்காமல் எனக்குக் கிடைத்த முதல் முழுக் கார்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது.

விளையாட்டு எப்படி இருந்தது என்று ஆசையாகக் கேட்டேன். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, பிறர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார். "நாலாங் கொடிய ஈசான மூலையில, கக்கூசுப் பக்கத்துல கட்டியிருக்கீங்க மேடம். அத மட்டும் எடுத்து மாத்திக் கட்டுங்க, அப்புறம் பாருங்க கூட்டத்த."

எதுக்கு வம்பு

இரண்டாம் ஞாயிறு இன்னொன்றும் நடந்தது. கிழக்கு கேட்டிலிருந்து புறப்பட்டால் முதல் கொடி நேர் மேற்கே, நாவல் மரத்தடியில். புதியவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கட்டியிருந்தேன். ஆனால் பாதிப் பேர் விசில் அடித்ததும் வடக்கே போகிறார்கள், சிலர் தெற்கே போகிறார்கள், சுற்றி வளைத்து நாவல் மரத்துக்குப் பின்பக்கமாக வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் போகிறது. படத்தில்தான் ஏதோ தப்பு என்று பதறிப்போய் ஸ்கேலை எடுத்து அளந்தேன். சரியாகத்தான் இருந்தது.

கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுக்கும் பேராசிரியர் ஒருவரும் அப்படித்தான் தெற்கே இறங்கினார். அவரை மறித்து, கொடி எதிரிலேயே தெரிகிறதே சார், ஏன் சுற்றுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார். "எனக்கு இந்தச் சூலம், சகுனத்துல எல்லாம் நம்பிக்கை கிடையாது மேடம். ஆனா ஞாயித்துக்கெழம மேற்கே சூலம்னு தெரிஞ்சே மேற்க போயி, எதுக்கு வம்பு?"

ஏழாம் கொடி

மூன்றாம் ஞாயிறு உஷாராக மேற்கு கேட்டில் மேசை போட்டேன். முதல் கொடி கிழக்கே. சூலமாவது ஒன்றாவது. இருபத்தெட்டுப் பேர் வந்தார்கள், அம்பு மாதிரி கிளம்பினார்கள். கூட்டத்தைப் பார்த்து வண்டியை இந்தக் கேட்டுக்குத் தள்ளிவந்த காசியும் திருந்திவிட்டார். "சூப்பு வேணும்னா கேளுங்க, கொடி இருக்க எடம் மட்டும் கேக்காதீங்க" என்று, தர்மசங்கடத்தில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். மாயாண்டி நின்று நின்று படம் பார்த்துப் போனார். இன்றைக்கே இருபத்தைந்தைத் தாண்டிவிடும் என்று மனதுக்குள் மாவிளக்குப் போட்டுவிட்டேன்.

ஒருவர்கூட முடிக்கவில்லை. எல்லோர் கார்டிலும் ஏழே ஓட்டை. ஏழாம் கொடி இருக்க வேண்டிய வடக்கு மோட்டார் ரூமில் அது இல்லை. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நானே போய்த் தேடினேன். புதரை விலக்கினேன், மரத்தை அண்ணாந்து பார்த்தேன், மோட்டார் ரூம் ஓட்டின்மேல் ஏறியும் பார்த்தேன். வெயில் ஏறியது. எனக்குப் பின்னாலேயே வந்து தேடிய ஜெயக்கொடி அக்கா, "நீங்கதான கட்டுனீக டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். கட்டியது நான்தான். விடியுமுன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கட்டியது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் கொடி இல்லை. பெருமாள்சாமி சார் கார்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "படம் வரஞ்ச ஆளே தேடுதுன்னா, நானா இருந்தா சூப்புக்காரன்கிட்டயே கேட்டிருப்பேன்."

வெல்லம்

நாலாம் ஞாயிறு. மேற்கு கேட்டில் யோகா வகுப்பு என்று சொல்லிவிட்டார் செயலாளர். கிழக்கு கேட்டுதான், முதல் கொடி மேற்கேதான். மாற்றிக் கட்ட அந்தப் பக்கம் வேறு இடம் இல்லை. தொலைந்த ஏழாம் கொடிக்குப் பதிலாக, வேறு வடிவக் கிளிப்போடு புதுக் கொடி ஒன்றை வடக்கு மோட்டார் ரூமில் கட்டினேன். முந்தின நாளே காசியிடம் புலம்பினேன். அதுக்கா அழுகிறீர்கள் என்று பரிகாரம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைச் சூலத்துக்கு வெல்லம். ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டால் தாராளமாக மேற்கே போகலாமாம்.

காலை ஆறரை மணிக்கு மேசைமேல் காம்பஸ்களுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய அச்சு வெல்லம் வைத்தேன். ஸ்பீக்கர் பெட்டியை இந்தத் தடவை மேசைப் பக்கமே சேர்க்கவில்லை. முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். நிமிடத்துக்கு இரண்டு பேராக அனுப்பினேன். பேராசிரியர் தெம்புக்காக என்று சொல்லி இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். வாயில் வெல்லமும் கையில் படமுமாக எல்லோரும் நேர் மேற்கே போனார்கள். அந்தக் காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். வரிசையில் கடைசி ஆள் ஜெயக்கொடி அக்கா. தட்டை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்குச் சக்கர இருக்குல்ல டீச்சர், வெல்லம் ஆகாது. நீங்க வெசனப்படாதீக, நான் தெக்க எறங்கிச் சுத்திப் போயிக்கிறேன்."

ஒன்பதாவது ஓட்டை

ஏழு மணியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பெருமாள்சாமி சார் கேட்டில் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு கார்டையும் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார். முப்பது வருஷப் பழக்கம், ஒரு ஊசிமுனை தப்பவில்லை. ஒரு கொடியை விட்டவர்கள் நாலு பேர். ஐந்தாம் கொடியிலேயே இரண்டு தடவை அழுத்திவிட்டு நாலாம் கொடிக்குக் கணக்குக் காட்டிய மாணவர்கள் இரண்டு பேர். ஆறு கார்டைத் தள்ளிவிட்டார். மாயாண்டி நடந்தே வந்தார். கார்டை நீட்டினார். எட்டு ஓட்டை. மாடு பிடித்துப் பரிசு வாங்கியபோதுகூட இவ்வளவு சிரித்திருக்க மாட்டார். அவர் இருபத்து நாலாவது ஆள்.

அதன்பின் யாரும் வரவில்லை. மணி ஏழு இருபத்தைந்து. உள்ளே இருப்பது ஜெயக்கொடி அக்கா ஒருவர்தான். ஏழு இருபத்தேழு. இன்னும் மூன்று நிமிடத்தில் எட்டு மாத வேலை போய்விடும், காரணம் ஒரு வெல்லத் துண்டு. ஏழு இருபத்தெட்டுக்கு மரங்களுக்கு நடுவே ஒரு பச்சைச் சேலை தெரிந்தது. "வாத்தா, வா வா!" என்று மாயாண்டி கத்தினார். காசி கரண்டியால் சட்டியைத் தட்டினார். இருபத்து நாலு பேரும் கத்தினார்கள். அக்கா ஓடவில்லை. எப்போதும் நடக்கிற நடைதான். ஏழு இருபத்தொன்பதுக்குக் கோட்டைத் தாண்டிக் கார்டைக் கொடுத்தார்.

பெருமாள்சாமி சார் எண்ணினார். திரும்ப எண்ணினார். முகம் மாறியது. "எட்டுக் கொடிக்கு ஒம்பது ஓட்டையா? இந்த ஓட்டை எந்தக் கொடியிலயும் இல்லையே. ஏம்மா, யார்ட்டயாச்சும் வழி கேட்டியா?" என்றார். "யார்ட்டச் சார் கேக்க? அங்கிட்டு ஒரு ஓணாந்தேன் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே அக்கா இடுப்பில் செருகியிருந்ததை உருவி மேசைமேல் போட்டார். ஆரஞ்சும் வெள்ளையும். போன வாரம் தொலைந்த என் ஏழாம் கொடி, கிளிப்போடு.

சூலத்துக்காகத் தெற்கே இறங்கியவர் தெற்கு மோட்டார் ரூமுக்குப் பின்னால் போயிருக்கிறார். மதில் சுவருக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவே, யாரும் போகாத சந்தில், கொடி தொங்கியிருக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் ஒரே மாதிரி இரண்டு மோட்டார் ரூம் இருப்பதை அளந்து படத்தில் போட்டவளே நான்தான். அன்று விடியுமுன் டார்ச் வெளிச்சத்தில் என் படத்தையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வடக்கு என்று நினைத்துத் தெற்கில் கட்டியிருக்கிறேன். புதியவர்களிடம் முதல் நாளே செய்யாதீர்கள் என்று நான் சொல்லும் தப்பு அது. "கெடந்துச்சு, ஒரு ஓட்டையும் போட்டுட்டு எடுத்தாந்தேன். டீச்சரு தேடுவாகள்ல" என்றார் அக்கா.

எல்லோரும் பெருமாள்சாமி சாரைப் பார்த்தார்கள். அவர் கார்டை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். எட்டு ஓட்டையும் வரிசையாக இருந்தன. ஒன்பதாவது ஓரமாக, உபரியாக இருந்தது. மெதுவாகக் கண்ணாடியை இறக்கினார். ஒரு கை தானாக மீசைக்குப் போய், பாதி வழியில் நின்று, கீழே இறங்கியது. "என் சர்வீஸ்ல டிக்கெட்டுக்கு மேல ஒரு ஸ்டேஜ் போனவனுக்கெல்லாம் அபராதந்தேன் போட்டிருக்கேன்," என்றார். "இந்தம்மாவுக்கு ஒரு மாலை வாங்கிப் போடுங்கப்பா."

மழித்த மேலுதட்டோடு பெருமாள்சாமி சார் இப்போது ஞாயிறுதோறும் கேட்டில் நின்று கார்டு பார்க்கிறார். நானோ, "படத்தை வடக்கு பார்த்துப் பிடியுங்கள்" என்று புதியவர்களிடம் சொல்வதற்கு முன்னால், ஜெயக்கொடி அக்கா எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.